இரங்கல் தீர்மானம் அடுப்பெரிக்குமா?

தோழனே!

இரங்கற் கூட்டங்களுக்கு நீ சென்றிருப்பாய், நானும் சென்றிருக்கிறேன். அரைக்கம்பத்தில் கொடி, மேடை நடுவே மாலையிட்ட படம். மறைந்த தோழர் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் சுவரொட்டி ஒட்டியதையும், தடியடிபட்டதையும், சிறை சென்றதையும், சொந்தச் சைக்கிளை விற்றுக் கிளைக்கு ஒலிபெருக்கி வாங்கித் தந்ததையும் ஒருவர்பின் ஒருவராக எடுத்துரைக்கிறார்கள். கண்கள் கலங்குகின்றன. "அவர் குடும்பத்தை இயக்கம் கைவிடாது" என்று தலைமை வகித்தவர் முழங்குகிறார். துண்டேந்தி வருகிறார்கள், பத்தும் நூறுமாக விழுகிறது. எண்ணி, உறையிலிட்டு, முன்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் துணைவியாரிடம் தருகிறார்கள்.

அன்றைக்கு அது பெரிது. அடுத்த மாதம்? அதற்கடுத்த மாதம்?

ஐம்பதினாயிரம் திரண்டதென்றே வைத்துக்கொள். மாதம் 18,000 ரூபாயில் ஓடிய வீட்டில் அது மூன்று மாதத்தைக்கூட முழுமையாகக் காணாது. இதை இயக்கத்தைக் குறை கூற எழுதவில்லை. கொடுத்தவர்களும் அன்றாடங்காய்ச்சிகள், தேநீர்க் காசை மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள். அந்த அன்புக்கு ஈடில்லை. ஆனால் அந்த அன்பால் பதினைந்து ஆண்டுகள் பள்ளிக் கட்டணம் செலுத்த முடியாது. அவர் உயிரோடிருந்த நாளில், "தோழரே, நாளை நீங்கள் இல்லையென்றால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்?" என்று நம்மில் எவரேனும் கேட்டோமா? கேட்கவில்லை. ஏன்? அபசகுனமாம்!

அபசகுனம்! நாளும் கோளும் பார்க்காதவர்கள் நாம். இராகு காலத்தில் மணம் முடித்தவர்கள் நாம். பூனை குறுக்கே போனால், பாவம் அதற்கும் ஏதோ வேலையிருக்கிறது என்று சிரித்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாமே நம் சாவைப்பற்றி ஒரு தாளில் நான்கு வரி எழுதக் கை நடுங்குகிறோம். தலையெழுத்தை நம்பாதவன், தன் தலைக்கு ஒன்றும் வாராதென்று மட்டும் நம்புகிறானே, இது என்ன பகுத்தறிவு?

ஒரு மனிதன் எப்போது இறப்பான் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் ஒரே வயதுடைய ஆயிரம் பேரில் ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பர் என்று கணக்கிட இயலும். எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில அறிஞர் (வால்மீன் ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்தாரே, அவரேதான்) 1693இல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புக் குறிப்புகளைக் கொண்டு அப்படியோர் அட்டவணை செய்து காட்டினார். அந்த வழியில், வயதுக்கேற்றபடி பிரிமியம் வகுத்துக்கொண்ட சங்கம் லண்டனில் 1762இல் எழுந்தது. ஆயிரம் பேர் ஆளுக்குச் சிறிது போட்டு, அவ்வாண்டில் வீழ்ந்த இருவர் மூவருடைய வீடுகளைத் தாங்குவது என்பதே அதன் உட்பொருள். இதில் நம் கொள்கைக்குப் பகையானது எது?

"அதெல்லாம் முதலாளிகளின் சரக்கு" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். சரக்கில் குற்றமில்லை, விற்றவர்களிடம் குற்றம் இருந்தது. இந்தியரின் உயிர் ஆபத்து மிகுந்த உயிரென்று கூறி, வெள்ளையர் கம்பெனிகள் கூடுதல் பிரிமியம் கேட்ட காலம் உண்டு. சரிசமமான கட்டணத்தில் இந்தியருக்குப் பாலிசி தர 1870இல் பம்பாயில் ஒரு சங்கம் தோன்ற வேண்டியிருந்தது. பின்னர் நம்மவர் கம்பெனிகள் பெருகின. பாலிசிதாரர் பணத்தைத் தம் பணமாக எண்ணிச் சூதாடியவர்களும் பெருகினர். 1956க்கு முந்தைய பத்தாண்டில் மட்டும் 25 ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் திவாலாயின. மேலும் 25 கம்பெனிகள் தம் சொத்தைக் கரைத்து, அலுவலைப் பிறரிடம் ஒப்படைத்தன. அதனாலன்றோ 1956 ஜனவரி 19 அன்று நிதியமைச்சர் தேஷ்முக் வானொலியில் தோன்றி ஆயுள் காப்பீடு முழுவதையும் சர்க்கார் ஏற்கிறதென்று அறிவித்தார்! 245 நிறுவனங்கள் ஒன்றாயின. 5 கோடி மூலதனத்தோடு செப்டம்பர் 1இல் எல்.ஐ.சி. பிறந்தது.

சர்க்கார் கைக்கு வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. மறு ஆண்டே முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் 1 கோடியே 24 இலட்சம் ரூபாய் எல்.ஐ.சி. பணம் போடப்பட்டதும், சாக்ளா விசாரணைக்குப்பின் 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்ததும் வரலாறு. பின்னர் 2000ஆம் ஆண்டில் தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். அந்நிய மூலதனத்துக்கு 26 விழுக்காடென்று தொடங்கி, 2015இல் 49, 2021இல் 74 என்று உயர்த்தி, 2025 பட்ஜெட்டில் நூற்றுக்கு நூறு என்று அறிவித்தார்கள். எல்.ஐ.சி.யின் பங்கையே 2022 மே மாதத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இவற்றைப்பற்றி மேடையில் பேசுவோம், மன்றத்தில் பேசுவோம். ஆனால் உன் வீட்டு அடுப்பு அந்த விவாதம் முடியும்வரை காத்திராது. ஆகவே தாளையும் பேனாவையும் எடு.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அச்சகத்தில் பணியாற்றும் தோழர், வயது 38, மாத வருவாய் 25,000. மனைவி; பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரு பிள்ளைகள்; முதிய தாய். வருவாயில் அவர் தமக்கென்று செலவிடுவது, பேருந்து, தேநீர், நாளேட்டுச் சந்தா, மாநாட்டு வண்டிப் பங்கு, எப்போதோ ஒரு சட்டை எல்லாம் சேர்ந்து, 7,000. அவர் மறைந்தால் வீட்டுக்குக் குறைவது 25,000 அன்று, 18,000. ஆண்டுக்கு 2,16,000.

எத்தனை ஆண்டுகளுக்கு? இளைய பிள்ளை தன் காலில் நிற்கும்வரை என்று கொள். ஏழு வயதுப் பிள்ளைக்கு 22 ஆக 15 ஆண்டுகள். 2,16,000ஐப் பதினைந்தால் பெருக்கினால் 32,40,000. "விலைவாசி ஏறுமே?" என்பாய். ஏறும். மொத்தத் தொகையை வங்கியில் வைத்தால் வட்டியும் வரும். அந்த வட்டி விலையேற்றத்தை ஏறத்தாழ ஈடுசெய்தால் போதுமென்று வைத்துக்கொண்டே இரண்டையும் விட்டுவிட்டேன். துல்லியமான கணக்கு வேண்டுமென்று துடிப்பவன் கடைசியில் ஒரு கணக்கும் போடாமலே போய்விடுகிறான்.

நகைக்கடனும் கைமாற்றுமாக 4,00,000 இருக்கிறது, சேர். பிள்ளைகளின் மேற்படிப்புக்கு 5,00,000 சேர். மொத்தம் 41,40,000. இருப்பதைக் கழி. பிராவிடெண்ட் ஃபண்டில் 1,40,000. பழைய பாலிசி ஒன்று 2,00,000. எஞ்சுவது 38 இலட்சம். அதுதான் அந்த வீட்டுக்குத் தேவையான காப்பு. மனைவியும் சம்பாதிக்கிறாரென்றால் அந்த அளவுக்குக் குறையும். பிள்ளைகள் சிறுவயதினரென்றால் கூடும். பி.எஃப். பிடித்தம் உள்ளவர் பணியிலிருக்கும்போது இறந்தால் ஈ.டி.எல்.ஐ. என்ற காப்பும் குடும்பத்துக்கு உண்டு. 2021இல் அதன் உச்சத்தை 7 இலட்சமாக உயர்த்தினார்கள். வேலை போனால் அதுவும் போகுமாகையால் நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் உன் மனைவிக்கு அதன் பெயராவது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பார், தோழனே: தேவை 38 இலட்சம். நம் தோழர்களிற் பலரிடம் இருப்பது என்ன? தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து, "பணமும் திரும்பி வரும், போனசும் வரும்" என்று எழுதிச் சென்ற இரண்டு இலட்ச ரூபாய் எண்டோமெண்ட் பாலிசி. அதற்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்தை ஒட்டிய பிரிமியம். இரண்டு இலட்சம் அவர் வீட்டுக்கு ஓராண்டு கூட வாராது. சேமிப்பும் காப்பும் ஒன்றாகக் கட்டிய மூட்டை அது. சேமிப்பு கொஞ்சம், காப்பு கொஞ்சம். வெறும் காப்பை மட்டும் தருகிற டெர்ம் பாலிசியில், வயதையும் உடல்நிலையையும் பொறுத்து, ஏறத்தாழ அதே அளவு பிரிமியத்துக்கு அதைப்போலப் பன்மடங்கு தொகை கிடைக்கும். "உயிரோடிருந்தால் ஒன்றும் திரும்பி வராதே!" என்று அங்கலாய்ப்பார்கள். உயிரோடிருப்பதே வரவுதானே! ஏஜெண்டைக் கடிந்து பயனில்லை. எதை விற்றால் அவருக்குக் கமிஷன் மிகுதியோ அதை அவர் விற்கிறார். எதை வாங்கவேண்டுமென்று தெரிந்திருப்பது நம் பொறுப்பு.

உன் துணைவிக்கும் இதே கணக்கைப் போடு. "அவள் சம்பாதிக்கவில்லையே" என்று சொல்லிவிடாதே. அவர் இல்லையென்றால் உன் தாயைப் பார்ப்பதற்கும், சமைப்பதற்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் எத்தனை ஆட்கள் வேண்டும், எவ்வளவு கூலி வேண்டுமென்று எழுதிப் பார். வாகன விபத்து வழக்கொன்றில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டென்று உறுதிப்படுத்தியிருக்கிறது. பெண்ணுரிமை பேசும் நாம் நீதிமன்றத்துக்குப் பின்னால் நிற்கலாமா?

பாரம் நிரப்பும்போது பொய் எழுதாதே. சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்ற கேள்விகளுக்கு, "எல்லாவற்றுக்கும் இல்லையென்று போடுங்கள்" என்பவன் உனக்கு உதவி செய்யவில்லை. உன் மனைவிக்குக் குழி வெட்டுகிறான். ஆயுள் பாலிசியை மூன்றாண்டு கடந்தபின் எக்காரணம் காட்டியும் மறுக்கக்கூடாதென்று இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45ஆம் பிரிவு கூறுகிறது. 2015இல் வந்த திருத்தம். ஆனால் அந்த மூன்றாண்டுக்குள் நீ இறந்தால்? பொய்யைத் தோண்டி எடுப்பார்கள், பணத்தை மறுப்பார்கள். உண்மையை எழுது; பிரிமியம் கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

நாமினி யாரென்றும் பார். மணமாகுமுன் எடுத்த பாலிசியில் மறைந்துபோன தந்தையின் பெயர் இன்னும் இருக்கும். இன்னொன்று: ஊரார் கடனுக்கெல்லாம் ஜாமீன் நிற்பது நம் தோழர்களின் பழக்கம், நல்ல மனம், பொல்லாத கையெழுத்து. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் மனைவி மக்கள் பெயருக்கு எடுக்கும் பாலிசிப் பணத்தைக் கடன்காரன் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவாங்க வேண்டும். பிறகு சேர்க்க இயலாது.

உயிருக்கு ஆயிற்று, உடலுக்கு எவ்வளவு? இங்கேதான் கணக்கு அரசியலாகிறது.

தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரியில் கான்பூரில் தொடங்கிய திட்டம். மருத்துவம் மட்டுமல்ல, நோயுற்றுக் கிடக்கும் நாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதியும் தருவது. அதனால்தான் அதை நான் உயர்ந்த திட்டமென்பேன். ஆனால் 2017 ஜனவரியில் அதற்கு வைத்த சம்பள வரம்பு 21,000. வறியோருக்கு நம் மாநிலத்தில் 2009 ஜூலையில் உயிர் காக்கும் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமென மறுவடிவம் பெற்றது. 2018இல் மத்தியத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் என்றாயிற்று. அதற்குரிய வருமான வரம்பை 72,000இலிருந்து 1,20,000ஆக 2022இல் உயர்த்தினார்கள்.

நம் அச்சகத் தோழரை மீண்டும் அழைத்துவா. மாதம் 25,000. இருபத்தோராயிரத்தைத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ. இல்லை. ஆண்டு வருவாய் 3,00,000. ஒன்றே கால் இலட்சத்தைக்கூடத் தொடாத வரம்பைத் தாண்டியதால் மாநில அட்டை இல்லை. செல்வந்தன் தன் பணத்தில் பிழைப்பான், வறியவனுக்கு அட்டை உண்டு, இவர் யார்? வரம்புகள் இரண்டுக்கும் வெளியே நிற்கும் இலட்சோப இலட்சம் பேரில் ஒருவர். ஆட்டோ ஓட்டுபவர், கடைச் சிப்பந்தி, தனியார் பள்ளி ஆசிரியை, ஒப்பந்தப் பொறியாளர் என்று நம் கிளைகளில் நிறைந்திருப்பவர்கள் இவர்களே. இவர்கள் தம் பணத்தில் மருத்துவக் காப்பீடு எடுத்தால், அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வரியும் போட்டு வைத்திருந்தார்கள், 2025 செப்டம்பர் 22 வரை! நோயாளியிடம் வரி கேட்ட கொடுமை, பலநாள் கூக்குரலுக்குப் பின்னரே ஒழிந்தது.

முதலில் உனக்குரிய அட்டை எதுவென்று பார். வரம்புக்குள் இருப்பவன் அட்டையில்லாமல் இருப்பது அசட்டை. வெளியே நிற்பவன் தானே காப்பு எடுக்க வேண்டும். எவ்வளவு? உன் மாவட்டத் தலைநகரில் இரண்டு தனியார் மருத்துவமனைகளுக்குப் போய், இதய அறுவைக்கும் இடுப்பெலும்பு முறிவுக்கும் மொத்தம் என்ன ஆகிறதென்று விசாரி. எது பெரிதோ அதை எடுத்துக்கொண்டு, வரும் ஆண்டுகளின் விலையேற்றத்துக்காகப் பாதியைக் கூட்டு. நான் அறிந்தவரை நடுத்தர ஊர்களில் அது 5 இலட்சத்தையொட்டி வந்து நிற்கும்; சென்னையில் அதற்கும் மேலே. முழுவதையும் ஒரே பாலிசியில் எடுக்க முடியாவிட்டால், முதல் சில இலட்சத்துக்கு ஒன்றும், அதற்கு மேற்பட்ட செலவை மட்டும் ஏற்கும் 'சூப்பர் டாப்-அப்' ஒன்றுமாக எடுத்தால் பிரிமியம் தணியும். முதிய தாயைக் குடும்பப் பாலிசியில் சேர்க்காதே. மூத்தவர் வயதைக் கொண்டே பிரிமியம் வகுப்பார்கள். அவருக்குத் தனியாகப் பார்.

அறை வாடகை வரம்பைக் கட்டாயம் படி. மூன்று இலட்சப் பாலிசியில் நாளொன்றுக்கு ஒரு விழுக்காடு, அதாவது 3,000 என்றிருக்கும். நீ 6,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் பாதி மட்டுமா போகும்? மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் முதலியவற்றிலும் அதே விகிதத்தில் பாதியை வெட்டுவார்கள். ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. மூன்றாண்டுக்கு மேல் இருக்கக்கூடாதென்று 2024இல் விதி செய்தார்கள். எனவே நோய் வந்தபின் பாலிசி தேடுவது வெள்ளம் வந்தபின் கரை கட்டுவது.

ஆனால், தோழனே, அட்டை வேறு, ஆஸ்பத்திரி வேறு. இதை மட்டும் அழுத்திச் சொல்வேன். காப்பீட்டு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு அரசு மருத்துவமனையை வாடவிட்டால், மக்கள் பணம் வரியாகப் புறப்பட்டுத் தனியார் கல்லாவில் போய் இறங்கும். பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று சுரங்கத் தொழிலாளியாயிருந்த அன்யூரின் பெவன் தொடங்கிவைத்த திட்டத்தில், "உன் வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வியே வாசலில் இல்லை. மதுரை இராசாசி மருத்துவமனையும் சென்னைப் பொது மருத்துவமனையும் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நம்முடைய மிகப் பெரிய காப்பீடுகள். பிரிமியத்தை நாம் வரியாகக் கட்டிக்கொண்டே வருகிறோம். அவை வலுப்பெற்றால் உன் தாளில் நீ எழுதிய எண் குறையும். அவை நலிந்தால் கூடும். ஈ.எஸ்.ஐ. வரம்பை உயர்த்து, நடுவில் நிற்பவனுக்கும் அட்டை கொடு என்று நாம் கேட்கும்போது, உன் வீட்டுக் கணக்கே உன் கைச் சான்று.

டெர்ம் பாலிசிக்கும் வழியில்லாத தோழர்கள் நம்மிடையே உண்டென்பதை மறக்கவில்லை. 18 முதல் 50 வயதுக்குள் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர், 2022 ஜூன் முதல் அமைந்த ஆண்டுக் கட்டணம் 436 ரூபாய்க்கு, மத்திய அரசின் ஜீவன் ஜோதி திட்டத்தில் 2 இலட்சம் ஆயுள் காப்பு பெறலாம். 70 வயது வரை, 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பு 2 இலட்சம். இரண்டும் சேர்ந்து 456. ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்குகிறது. மே மாத இறுதியில் கணக்கில் பணமில்லையென்றால் காப்பும் இல்லை. கொடுப்பது யார் என்று பார்த்து மறுக்காதே; அது நம் வரிப்பணத்தின் நிழல்.

அடுத்த கிளைக் கூட்டத்தில், அரசியல் தீர்மானங்களெல்லாம் முடிந்த பின்னர் கால்மணி நேரம் கேட்டு வாங்கு. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கிளை உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயருக்கும் நேரே எந்தப் பாலிசி, எந்த அட்டை, நாமினி யார், தாள்கள் வீட்டில் எங்கே என்று எழுதச் சொல். 456 ரூபாய் கட்ட இயலாதவருக்குக் கிளை கட்டட்டும். ஒரு சுவரொட்டிச் செலவு அது. நோட்டுப் புத்தகம் செயலாளரிடம் இருக்கட்டும். துண்டேந்த வேண்டிய நாள் என்றேனும் வந்தால், முதலில் அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகலாம்.